லோகோ எந்த சாஃப்ட்வேரில் செய்தீர்கள்? ஃபைலைத் திறந்து காட்டுங்கள்

போன வாரம் ஒருவர் வந்தார். மரச்செக்கு எண்ணெய்க் கடை, வெள்ளிக்கிழமை திறப்பு விழா. "அண்ணே, லோகோ வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன். பத்தடி போர்டு, சீக்கிரம் முடிச்சுக் கொடுங்க" என்றார். வந்தது 500 பிக்சல் அகலத்தில் ஒரு ஜே.பி.ஜி. பத்தடி என்றால் 120 அங்குலம். அங்குலத்துக்கு நாலு புள்ளிதான் தேறும். மாடு எது, செக்கு எது என்றே தெரியாது. "ஒரிஜினல் ஃபைல் இருக்கா தம்பி?" என்றேன். அக்கா பையன் ஃபோட்டோஷாப்பில் செய்தானாம். அரை மணி நேரத்தில் ஒரு கோரல் ஃபைல் வந்தது, அதாவது கோரல்ட்ரா என்ற வரையும் சாஃப்ட்வேரின் ஃபைல். திறந்தால் உள்ளே அதே ஜே.பி.ஜி. ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

இந்த மாதத்தில் இது நாலாவது.

போர்டுக்கு வேண்டியது வெக்டர். அதாவது புள்ளிகளால் இல்லாமல் கோடுகளாலும் வளைவுகளாலும் ஆன படம், எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. ஜே.பி.ஜி. படத்தைக் கோரல்ட்ராவில் ஒட்டி, அதன் ஃபைல் வகையான சி.டி.ஆர். என்று சேமித்தால் அது வெக்டர் ஆகாது. பி.டி.எஃப். ஆக்கினாலும் ஆகாது. இணையத்தில் ஏதோ ஒரு தளத்தில் போட்டு எஸ்.வி.ஜி. என்ற வெக்டர் ஃபைலாக ஆக்கினாலும், பல நேரம் உள்ளே இருப்பது அதே படம்தான். பாமாயிலைச் செக்கு எண்ணெய் பாட்டிலில் ஊற்றினால் செக்கு எண்ணெய் ஆகுமா என்று கேட்டேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. கோரலில் வயர்ஃப்ரேம் வியூ போட்டுப் பாருங்கள், இல்லஸ்ட்ரேட்டர் சாஃப்ட்வேரில் கன்ட்ரோல் ஒய். வடிவங்கள் மெல்லிய கோடுகளாகத் தெரிந்தால் சரி. வெறும் கட்டமோ மங்கலான படமோ தெரிந்தால், ஏமாந்துவிட்டீர்கள்.

"ட்ரேஸ் பண்ணிட்டேன் சார்" என்பார்கள் சிலர், அதாவது படத்தின் ஓரங்களை சாஃப்ட்வேரே கோடாக மாற்றியது. ஒரு வட்டத்துக்கு நாலு நோடு, அதாவது கோட்டை வளைக்கும் முனைகள், போதும். தானாக ட்ரேஸ் ஆன வட்டத்தில் நாற்பது, ஐம்பது இருக்கும், ஓரமெல்லாம் கடித்த முறுக்கு மாதிரி. வினைல் ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டர் மெஷின் அந்தக் கடியையும் விடாமல் வெட்டும்.

சரி, எதில்தான் செய்வது? இல்லஸ்ட்ரேட்டர் நல்லது, ஆனால் சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஊர் ஃபிளெக்ஸ் கடைகளிலும் பிரஸ்களிலும் கோரல்தான் ஓடுகிறது. காசில்லை என்றால் இங்க்ஸ்கேப் இருக்கிறது. 2003 முதல் இலவசம். அச்சுக்கான சி.எம்.ஒய்.கே. நிறத்தில்தான் அது கொஞ்சம் தகராறு செய்யும். திருட்டு கோரலுக்கு அலைவதை விட அது எவ்வளவோ மேல். ஃபோட்டோஷாப் போட்டோவுக்கு. அவ்வளவுதான்.

கேன்வாவில் அழைப்பிதழ் செய்யுங்கள், தீபாவளி போஸ்டர் செய்யுங்கள். ஆனால் லோகோவுக்கு அங்கே எடுத்த மாட்டுப் படம் உங்களுடையது இல்லை. அடுத்த தெரு எண்ணெய்க் கடைக்காரரும் அதையே எடுக்கலாம். அங்குள்ள படங்களை வைத்து டிரேட்மார்க் வாங்க அவர்களுடைய விதிமுறையே இடம் கொடுப்பதில்லை. சிறு நிறுவனம் ஆன்லைனில் விண்ணப்பித்தாலும் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, 4,500 ரூபாய் கட்ட வேண்டும். அதைக் கட்டிய பிறகு இதைக் கண்டுபிடிக்காதீர்கள்.

அப்புறம் தமிழ். இல்லஸ்ட்ரேட்டரில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் 'செக்கு' என்று அடித்ததில் கொம்பு ச-வுக்குப் பின்னால் போய் நிற்கும். டிசைன் செய்தவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டால் அது அப்படியே போர்டில் ஏறிவிடும், ஏறியதைப் பார்த்திருக்கிறேன். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கடைப் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஆகவே அனுப்பும் முன் எழுத்துகளை கர்வ்ஸ், அதாவது வெறும் கோட்டு வடிவங்கள், ஆக்குங்கள். கோரலில் கன்ட்ரோல் கியூ. அதன்பின் எழுத்தைத் திருத்த முடியாது என்பதால் ஆக்காத நகல் ஒன்றைத் தனியே வைத்திருங்கள்.

எண்ணெய்க் கடைக்கு அன்று ராத்திரி உட்கார்ந்து மாட்டையும் செக்கையும் புதிதாக வரைந்தேன். போர்டு வியாழன் மாலையே ஏறியது. லோகோ செய்யக் கொடுப்பவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: முழுப் பணம் கொடுக்கும் முன் ஒரிஜினல் ஃபைலைக் கையில் வாங்கி, உங்கள் மெயிலுக்கே ஒரு தடவை அனுப்பி வையுங்கள். வாட்ஸ்அப்தான் வேண்டும் என்றால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். அக்கா பையன் அடுத்த வருஷம் எங்கே வேலையில் இருப்பான் என்று அக்காவுக்கே தெரியாது.