கேஸ்ட்ரிக் பேண்டை எடுக்கணுமா, விடணுமா? எடை மெஷினை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க

எடை குறைக்க வயித்துல பேண்ட் போட்டுக்கிட்டவங்க பல வருஷம் கழிச்சு என்கிட்ட வரும்போது பெரும்பாலும் ரெண்டு விதமாத்தான் வர்றாங்க. ஒண்ணு, "எடை மறுபடி ஏறிடுச்சு டாக்டர், இது வேஸ்ட், கழட்டிடுங்க"ன்னு வர்றவங்க. இன்னொண்ணு, சாப்பாடு இறங்க மாட்டேங்குது, ராத்திரி இருமல் தூங்க விட மாட்டேங்குது, ஆனா "பேண்டை மட்டும் எடுத்துடாதீங்க, எடுத்தா பழைய மாதிரி ஆயிடுவேன்"னு பயந்துக்கிட்டே வர்றவங்க. பல நேரம் சீக்கிரம் எடுக்க வேண்டியது இந்த ரெண்டாவது ஆளுக்குத்தான், முதல் ஆளுக்கு யோசிக்க டைம் இருக்கு.

பேண்ட்ங்கிறது இரைப்பையோட மேல்பகுதியைச் சுத்திப் போடுற ஒரு சிலிக்கான் வளையம். அதுக்கு மேல ஒரு சின்ன பை மாதிரி, 15-30 மில்லி அளவுக்குத்தான் இடம் இருக்கும், அதனால கொஞ்சம் சாப்பிட்டாலே போதும்னு தோணும். வளையத்துல இருந்து ஒரு மெல்லிய ட்யூப் வந்து தோலுக்கு அடியில இருக்குற போர்ட்ல சேரும், அந்த போர்ட்ல ஊசி குத்தி சலைன், அதாவது உப்புத் தண்ணி, ஏத்தினா டைட் ஆகும், எடுத்தா லூஸ் ஆகும். 1993ல பெல்ஜியத்துல முதல்முறையா லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்னத் துளை வழியா பண்ற ஆபரேஷன், மூலமா போட்டாங்க, 2001ல அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவிகளுக்கான அரசு அமைப்பு எஃப்டிஏ அனுமதி குடுத்துச்சு, அதுக்கப்புறம் உலகம் பூரா ஒரே பேண்ட் மயம். இப்போ புதுசா போடுறவங்க ரொம்பக் கம்மி, எல்லாரும் ஸ்லீவ் (இரைப்பையோட பெரும்பகுதியை வெட்டி எடுக்குறது), பைபாஸ் (இரைப்பையைச் சின்ன பையாக்கி குடலோட இணைக்குறது)னு போயிட்டாங்க, ஆனா அப்போ போட்டவங்க வயித்துக்குள்ள அது இன்னமும் இருக்கு, போட்ட டாக்டர் ரிட்டயர் ஆயிருப்பாரு, க்ளினிக்கே மூடியிருக்கும், இவங்களை ஃபாலோ பண்ண ஆளே இல்ல. என்னைக் கேட்டா பேண்ட் பிரச்சனையில பாதி இதுதான்.

சும்மா சொல்லல. 2011ல பெல்ஜியத்துல இருந்து வந்த ஒரு ஆய்வுல, 12 வருஷமோ அதுக்கு மேலயோ ஆனவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு பேண்டை எடுக்க வேண்டி வந்துச்சு. 2013ல ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த ஆய்வுல 15 வருஷம் கழிச்சும், இருக்க வேண்டியதுக்கு மேல இருந்த எடையில 47 சதவீதம் குறைஞ்சே இருந்துச்சு, எடுத்தவங்க சுமார் 6 சதவீதம்தான். ஒரே மாதிரி வளையம், இவ்வளவு வித்தியாசம். அந்த ஆஸ்திரேலியா டீம் ஆளுங்களை விடாம ஃபாலோ பண்ணாங்க, அங்கேயும் நிறைய பேருக்கு மறுபடி சர்ஜரி பண்ணி சரி செய்ய வேண்டியிருந்துச்சுங்கிறதையும் சேர்த்தே சொல்லிடணும்.

சரி, யாருக்கு எடுக்கணும்? நான் முதல்ல எடையைக் கேக்குறதே இல்ல. படுத்தா சாப்பிட்டது மேல வருதான்னு தெரிஞ்சுக்க, எத்தனை தலைகாணி வெச்சு தூங்குறீங்கன்னு கேப்பேன். சிலர் மூணுன்னு சொல்வாங்க, சிலர் சோஃபாவுல உட்கார்ந்தே தூங்குறேன்னுவாங்க. வெளிய சாப்பிடப் போனா முதல்ல எங்க உட்காருவீங்கன்னு கேட்டா, ஒரு அம்மா கொஞ்சம் தயங்கிட்டு "பாத்ரூம் பக்கத்துல இருக்குற டேபிள்தான் டாக்டர்"னாங்க. வாரத்துல நாலு நாள் வாந்தி, கறி, ரொட்டியெல்லாம் தொடுறதே இல்ல, ஐஸ்க்ரீமும் பிஸ்கட்டும் மட்டும் வழுக்கிக்கிட்டு இறங்கிடுதுன்னு அதையே சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க, அதனால எடையும் ஏறுது. இதெல்லாம் ஏம்மா இத்தனை நாளா சொல்லலன்னு கேட்டா "பழகிப்போச்சு டாக்டர், பேண்ட்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்"ங்கிறாங்க. அப்படி இல்லவே இல்ல. சரியா இருக்குற பேண்ட் வாந்தி எடுக்க வைக்காது, பசியைத்தான் கொறைக்கும்.

அவங்களுக்கு அன்னிக்கு நான் பண்ணது ஆபரேஷன் இல்ல. போர்ட்டைத் தடவிப் பார்த்து, அதுக்குன்னே இருக்குற ஹூபர் ஊசியைக் குத்தி, உள்ள இருந்த சலைனை பூரா வெளிய எடுத்தேன், கையில ஒரு டம்ளர் தண்ணி குடுத்து குடிக்கச் சொன்னேன். ஒரு வாய் குடிச்சாங்க, நின்னாங்க, திரும்ப வரும்னு காத்திருந்தாங்க, வரல, முழு டம்ளரையும் குடிச்சு முடிச்சிட்டு என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. பல வருஷமா தண்ணியைக் கூட சிப் சிப்பா குடிச்சவங்க.

அதனால அவசரம் இல்லாத எல்லாருக்கும் நான் சொல்ற முதல் படி இதுதான்: எடுக்குறதுக்கு முன்னாடி லூஸ் பண்ணிப் பாருங்க. நாலு வாரம், ஆறு வாரம் காலி பேண்டோட இருங்க. அப்புறம் எக்ஸ்ரேல தெரியுற பேரியம் திரவத்தைக் குடிக்க வெச்சு படம் எடுத்தா, வீங்கிப் போயிருந்த உணவுக்குழாய் பழைய அளவுக்கு வந்துச்சா, மேல இருக்குற பை சுருங்கிச்சான்னு தெரியும். பசி எப்படித் திரும்பி வருது, எடை எவ்வளவு வேகமா ஏறுதுங்கிறதும் தெரிஞ்சுடும், எடுத்த பிறகு நடக்கப்போறதுக்கு இது ஒரு ஒத்திகை. நல்லா ஆயிடுச்சுன்னா கம்மி சலைனோட மறுபடி பார்க்கலாம். லூஸ் பண்ணியும் இறங்கலன்னா, உணவுக்குழாய் விரிஞ்சது விரிஞ்சபடியே இருந்துச்சுன்னா, எடுத்துடுறதுதான் நல்லது, இன்னும் இழுத்தடிச்சா அந்தக் குழாய் தள்ளுற சக்தியையே இழந்துடலாம்.

பேச்சே இல்லாம எடுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, அரிப்பு. வளையம் மெதுவா இரைப்பைச் சுவரை அரிச்சு உள்ள போயிடும். இது வலியோட வரும்னு எல்லாரும் நெனைக்கிறாங்க, பெரும்பாலும் சத்தமே இல்லாம வரும். எவ்வளவு சலைன் ஏத்தினாலும் டைட்டே ஆகல, எடை ஏறுது, இல்லன்னா பல வருஷம் கழிச்சு திடீர்னு போர்ட் இருக்குற இடம் செவந்து சீழ் வைக்குது. இந்த மாதிரி லேட்டா வர்ற போர்ட் இன்ஃபெக்ஷனுக்கு ஆன்டிபயாட்டிக் குடுத்து, போர்ட்டை மட்டும் மாத்தி அனுப்பினா திரும்ப வரும், எண்டோஸ்கோப்பி பண்ணி அந்த கேமரா ட்யூபை வயித்துக்குள்ள திருப்பி மேல பார்த்தாகணும், வெள்ளையா சிலிக்கான் எட்டிப் பார்த்தா விஷயம் முடிஞ்சது.

அப்புறம் பேண்ட் வழுகுறது. கீழ இருக்குற இரைப்பை வளையத்துக்குள்ள மேல ஏறிக்கும். சாதா எக்ஸ்ரேல சாய்ஞ்ச கோடு மாதிரி தெரிய வேண்டிய பேண்ட், படுத்தவாக்குலயோ வட்டமாவோ தெரியும். திடீர்னு விடாத வயித்து வலி, தண்ணி கூட உள்ள நிக்கல, காய்ச்சல், நாடித்துடிப்பு வேகம்னா அப்பாயின்ட்மென்ட்டுக்கெல்லாம் காத்திருக்காதீங்க, எமர்ஜென்சிக்குப் போங்க, இரைப்பைக்கு ரத்த ஓட்டம் நின்னுடலாம். போன உடனே "எனக்கு பேண்ட் இருக்கு, முதல்ல சலைனை எடுங்க"ன்னு நீங்களே சொல்லுங்க. பல நாளா வாந்தின்னா குளுக்கோஸ் ட்ரிப் போடுறதுக்கு முன்னாடி தயமின் ஊசி, அதாவது பி1 விட்டமின், போடச் சொல்லி ஞாபகப்படுத்துங்க, அது இல்லாம குளுக்கோஸ் ஏறினா மூளையையே பாதிக்கலாம்.

இப்போ எடைக்கு வர்றேன். எடுத்தா எடை ஏறுமான்னா, வேற ஏற்பாடு ஒண்ணும் இல்லன்னா பெரும்பாலானவங்களுக்கு ஏறும். இதை மறைச்சு யாரையும் ஆபரேஷன் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போகக்கூடாது. பேண்டை எடுத்துட்டு ஸ்லீவ் இல்ல பைபாஸ் பண்ணிக்கலாம், சிலருக்கு ஒரே தடவையில, சிலருக்கு ரெண்டு தடவையா. அரிப்பு இருந்தா நான் எடுத்துட்டு குறைஞ்சது மூணு மாசமாவது விட்டுத்தான் அடுத்ததைப் பத்தியே பேசுவேன், புண்ணான திசுவுல இரைப்பையை வெட்டி மூடுற ஸ்டேப்ளர் போட்டா கசியலாம். ரிஃப்ளக்ஸ், அதாவது வயித்து அமிலம் மேல எதுக்களிச்சு வர்றது, ஜாஸ்தி இருக்குறவங்களுக்கு ஸ்லீவ் அதை இன்னும் மோசமாக்கலாம், அவங்களுக்கு பைபாஸ்தான் பொருத்தம். சர்ஜரியே வேண்டாம்னா பசியைக் குறைக்குற செமாக்ளூடைட், டிர்செபடைட் மாதிரி ஊசிகள் இருக்கு. ஆனா டைட்டான பேண்டோட அந்த ஊசியையும் போட்டுக்கிட்டு வாந்தி எடுத்தா எது காரணம்னே கண்டுபிடிக்க முடியாது, அதனால பேண்டை முதல்ல பார்த்துடுங்க. மயக்க மருந்து குடுக்குறவங்ககிட்ட இந்த ஊசி போடுறதை மறக்காம சொல்லுங்க, இரைப்பை காலியாக லேட் ஆகும்.

எடுக்குற ஆபரேஷன் சின்னதுன்னு சொல்றவங்களை நம்பிடாதீங்க. லேப்ராஸ்கோப்பிதான், பெரும்பாலும் நல்லபடியா முடியும், ஆனா வளையத்தைச் சுத்தி வடு திசு கெட்டியா வளர்ந்திருக்கும், கல்லீரல் அது மேல ஒட்டிக்கிட்டு இருக்கும், போடும்போது ஆனதை விட எடுக்க நேரம் ஆகலாம். அந்த வடு திசுவை வெட்டி விடாம வளையத்தை மட்டும் உருவிட்டா, அடைப்பு அப்படியே இருக்கும், "எடுத்தும் இறங்கலையே"ன்னு ஆளு திரும்ப வருவாரு. உங்க சர்ஜன்கிட்ட இதைக் கேளுங்க, இந்தக் கேள்விக்கு கோவப்படுற சர்ஜன்னா வேற ஆளைப் பாருங்க.

ஒரு தொந்தரவும் இல்ல, எடையும் நல்லா இருக்கு, ஆனா எல்லாரும் எடுக்குறாங்களே நானும் எடுக்கணுமான்னு கேக்குறவங்களுக்கு, வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க, கர்ப்பமானா உடனே சொல்லுங்க, லூஸ் பண்ண வேண்டியிருக்கும். வரும்போது பேண்ட் எந்த கம்பெனி, எந்த மாடல், கடைசியா எத்தனை மில்லி இருந்துச்சுங்கிற பேப்பர் இருந்தா எடுத்துட்டு வாங்க, மாடலைப் பொறுத்து 4 மில்லியும் பிடிக்கும், 14 மில்லியும் பிடிக்கும், அது தெரிஞ்சா எங்களுக்கு வேலை சுலபம். பேப்பர் தொலைஞ்சு போச்சுன்னு வராம இருந்துடாதீங்க, உள்ள எவ்வளவு இருக்குன்னு ஊசி போட்டு எடுத்தே அளந்துக்கலாம்.