மாசிக் குளிரில் வீட்டுக்குள் நாற்று: மண்ணின் சூட்டைக் கவனியுங்கள்

ரொறன்ரோவில் பெப்ரவரி கடைசியில் வீட்டுக்குள் மிளகாயும் கத்தரியும் விதைப்பவர்கள், அவை முளைக்காவிட்டால் விதையையே குறை சொல்கிறார்கள். நாற்றுப் பண்ணையில் பணிபுரியும் என்னிடம் அவர்கள் கொண்டுவந்து காட்டும் தட்டுகளில், மண் குளிர்ந்து ஈரம் மிகுந்து கிடப்பதையே பெரும்பாலும் காண்கிறேன்.

வீட்டுக்குள் 21 பாகை இருந்தாலும், யன்னலோரத்து ஈரமண் இரவில் அதைவிடக் குளிர்ந்துவிடும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் மண்ணில் 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை சூடு வேண்டும். நாற்றுத் தட்டின் அடியில் விரிக்கும் மின்சூட்டு விரிப்பு இதற்காகவே விற்கப்படுகிறது. ஒரு பொருளுக்குத்தான் செலவழிக்க முடியுமென்றால் முதலில் அதை வாங்குங்கள் என்பேன்.

குளிர்ந்த ஈரமண்ணில் முளைத்த நாற்றுகளையும் நாற்றழுகல் நோய் விட்டுவைப்பதில்லை. பித்தியம், ரைசோக்டோனியா போன்ற நுண்ணுயிரிகளால் வரும் இந்நோயில், மண்மட்டத்தில் தண்டு பழுப்பாகி நூல்போல் மெலிய, முந்தைய நாள் நிமிர்ந்து நின்ற நாற்று பச்சை இலைகளோடே சரிந்து கிடக்கும். சாய்ந்ததைக் காப்பாற்ற வழியில்லை. அதை மண்ணோடு அகற்றிவிட்டு, மற்றவற்றின் மேல்மண்ணை உலரவிட வேண்டும். தோட்டத்து மண்ணை அள்ளிவந்து விதைக்காமல் நாற்றுக்கென விற்கப்படும் கலவையைப் பயன்படுத்துவதும், பழைய தட்டுகளை 1 பங்கு பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து கழுவுவதும், விதை முளைத்தவுடன் பிளாஸ்டிக் மூடியை எடுத்துவிட்டுச் சிறு மின்விசிறியால் காற்றோட்டம் கொடுப்பதும், தண்ணீரைத் தட்டின் அடியில் ஊற்றி உறிஞ்சவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிடுவதும் நோயை வரவிடாமல் தடுக்கும் வழிகள்.

அடுத்தது வெளிச்சம். பெப்ரவரி இறுதியில் இங்கே பகல் ஏறத்தாழ 11 மணி நேரம்தான். யன்னல் வெளிச்சத்தை மட்டும் நம்பிய தக்காளி நாற்று வெளிறி, நெடுத்து, ஒருபக்கம் வளைந்துவிடும். எல்இடி குழல்விளக்கை நாற்றுகளுக்குச் சில அங்குலம் மேலே தொங்கவிட்டு, நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள்; நாற்று உயர உயர விளக்கையும் உயர்த்துங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைப்பதை நான் ஏற்பதில்லை. மே 25-க்கு முந்தைய திங்கட்கிழமை வரும் விக்டோரியா தினத்தையே இங்கே பலரும் வெளியில் நடும் நாளாகக் கொள்கிறார்கள். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் மிளகாய்க்கும் கத்தரிக்கும் 8 முதல் 10 வாரம், தக்காளிக்கு 6 முதல் 8 வாரம், திருநீற்றுப்பச்சைக்கு 6 வாரம் போதும். பாகலும் புடலும் வேர் கலைவதைத் தாங்காதவை என்பதால், 3 அல்லது 4 வாரம் முன்னதாகத் தனித்தனிக் கிண்ணங்களில் போடலாம். கொத்தமல்லியை நேரே நிலத்தில் தூவுவதே நல்லது.

நடுவதற்கு முந்தைய 7 முதல் 10 நாட்களில், முதல் நாள் ஒரு மணி நேரம் நிழலில் என்று தொடங்கி, நாற்றுகளைப் படிப்படியாக வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்குங்கள். விக்டோரியா தினம் வந்துவிட்டாலும், இரவு வெப்பம் 12 பாகைக்குக் கீழே போகாத நிலை வரும்வரை மிளகாயையும் கத்தரியையும் மாலையில் உள்ளே எடுத்துவிடுங்கள்.