நடுக்கடலில் ஐந்து வாட்

2018 செப்டெம்பரில் இந்துமாக்கடலின் தென்பகுதியில், பேர்த் நகருக்கு ஏறத்தாழ 1900 கடல் மைல் மேற்கே, அபிலாஷ் டோமியின் பாய்க்கப்பல் புயலில் உருண்டு பாய்மரம் முறிந்தது. இந்தியக் கடற்படை அதிகாரியான அவர் உலகைத் தனியே சுற்றும் பந்தயத்தில் இருந்தார். முதுகில் பலத்த அடி, எழும்ப முடியவில்லை. மூன்று நாள் கழித்து ஒசிரிஸ் என்ற பிரெஞ்சு ரோந்துக் கப்பல் அவரை மீட்டது. ஆபத்தில் அவர் இயக்கியவற்றுள் ஒன்று, செய்மதிக்கு அபாய அழைப்பு அனுப்பும் ஈபேர்ப் எனும் சின்னப் பெட்டி.

பெட்டியின் வலு வெறும் 5 வாட். ஏறத்தாழ 50 செக்கனுக்கு ஒருமுறை, அரைச் செக்கன் மட்டும், 406 மெகாஹேர்ட்ஸ் ரேடியோ அலையில் ஒலிக்கும். மற்ற நேரம் சும்மா இருப்பதால் மின்கலம் 48 மணித்தியாலம் தாங்கும். அனுப்புவது ஓர் அடையாள இலக்கம். புதியவை ஜி.பி.எஸ் இடத்தையும் சேர்த்தே அனுப்பும்.

ஜி.பி.எஸ் இல்லாத பெட்டியையும் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் எனக்குப் பெரும் வியப்பு. யாழ்தேவி ரயில் கடவையை நெருங்கும்போது கோர்ன் சத்தம் உயர்ந்தும், தாண்டியபின் தணிந்தும் கேட்கிறதே, அதே டொப்ளர் விளைவுதான். 850 கிலோமீற்றர் உயரத்தில் செக்கனுக்கு 7 கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தில் ஓடும் செய்மதிக்கு, பெட்டியை நெருங்கும்போது மீடிறன் கூடியும் விலகும்போது குறைந்தும் தெரியும். சரியான மீடிறன் கேட்கும் கணத்தில் பெட்டி மிகக் கிட்ட இருக்கிறது. மாற்றம் சடாரென்று நடந்தால் அது செய்மதியின் பாதைக்கு அண்மையில், ஆறுதலாக நடந்தால் தொலைவில். ஆனால் இடப்பக்கமா, வலப்பக்கமா? கணக்கு இரண்டு விடைகளைத் தரும். பூமி சுழல்வதால் இரு பக்கத்து வளைவுகளும் துளி வேறுபடும். அதைக்கொண்டோ, அடுத்த செய்மதி வந்தபின்னோ பொய் விடை கழியும். மிஞ்சும் பிழை சுமார் 5 கிலோமீற்றர்.

பனிப்போர் நடுவே அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், கனடா, பிரான்ஸ் நான்கும் சேர்ந்து கட்டிய கொஸ்பாஸ்-சார்சாட் ஏற்பாடு இது. முதல் செய்மதி 1982 ஜூனில் ஏறியது. அந்த செப்டெம்பரிலேயே கனடாவில் விமான விபத்தில் சிக்கிய மூவர் பிழைத்தார்கள். தாழ்வான செய்மதி தலைக்கு மேல் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான் குறை. இப்போது ஜி.பி.எஸ், ஐரோப்பாவின் கலிலியோ ஆகிய வழிகாட்டிச் செய்மதிகளும் அபாய அழைப்பைக் கேட்பதால் பல ஒரேநேரத்தில் கேட்கின்றன, நிமிடங்களில் இடம் தெரிகிறது. 2020 முதல் கலிலியோ வழியாக, அதற்கேற்ற பெட்டிகளுக்கு "கேட்டுவிட்டோம்" என்று பதிலும் வரும், பெட்டியில் ஒரு லைற் அதைக் காட்டும். தனியே மிதப்பவருக்கு அந்தச் சின்ன லைற் எவ்வளவு பெரிய தெம்பு!

1930இல் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரரைப் போய்ச் சேர்ந்தது. அதே வடமராட்சிக் கரையிலிருந்து இன்று ஒருவர், இருவராகப் பைபர் போட்டில் போகிறார்கள். கைத்தொலைபேசிச் சிக்னல் விட்டுப்போகும் தூரத்திலும் ஈபேர்ப் கேட்கும். இந்த அழைப்புகளைப் பெறும் இந்தியாவின் பெங்களூர் மையத்தின் சேவைப் பரப்புக்குள் இலங்கையும் அடக்கம். அங்கிருந்து தகவல் கொழும்புக்கு வரும்.

ஆனால் பெட்டியின் அடையாள இலக்கம் உரியவர் விபரத்தோடு பதிவாகியிருக்க வேண்டும். வரும் அழைப்புகளில் மிகப் பெரும்பாலானவை தவறுதலாக இயங்கியவை. அதனால் முதலில் வீட்டுக்குத்தான் கேட்பார்கள்: ஆள் கடலிலா, எந்த போட், எத்தனை பேர்? பதியாத பெட்டி என்றால் கேட்பதற்கு ஆளில்லை.

இன்னொன்றை நம் கடற்றொழிலாளர் கட்டாயம் அறியவேண்டும். கப்பல் தாழ்ந்தால் தானாகக் கழன்று மிதக்கும் பொறி, 1.5 முதல் 4 மீற்றர் ஆழத்து நீரமுக்கத்தில்தான் வேலைசெய்யும். பைபர் போட் பெரும்பாலும் தாழாமல் கவிழ்ந்தே மிதக்கும், பொறி கழலாது. பாய்க்கப்பலில் தனியே போகிறவர் தவறி விழுந்தால், தானியங்கிச் சுக்கான் கப்பலைப் பெட்டியோடு கொண்டுபோய்விடும். ஆகவே உயிர்காப்பு அங்கியிலேயே செருகும் தனிநபர்ப் பெட்டி வேண்டும். அது 24 மணித்தியாலம் ஒலிக்கும், கையால் இயக்கி அன்ரெனாவை வானம் பார்க்கப் பிடிக்கவேண்டும். இயக்கினால் மீட்பவர் வரும்வரை நிறுத்தக்கூடாது, ஏனெனில் கிட்ட வந்த விமானமும் கப்பலும் அதே பெட்டியின் 121.5 மெகாஹேர்ட்ஸ் ஒலியைப் பிடித்துத்தான் கடைசி மைல்களைக் கடக்கின்றன.