வர மறுக்கும் பிளக்

அமெரிக்காவின் டெக்சஸில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் போன வாரம் எழுதியிருந்தார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஃபோர்டு எஃப்-150 வண்டி, 2006 மாடல், எட்டு சிலிண்டர். வாங்கிய நாளிலிருந்து ஸ்பார்க் பிளக்கை மாற்றவே இல்லை. இப்போது பட்டறையில் விட்டிருக்கிறார். முதல் பிளக்கைத் திருகியதுமே பாதி கையோடு வந்துவிட்டது, மீதி எஞ்சினுக்குள்ளேயே நின்றுவிட்டது. "இன்னும் ஏழு இருக்கிறது. உடையாமல் எடுக்க வழி உண்டா? அம்மா போனில் திருஷ்டி என்கிறார். நண்பரோ மெக்கானிக்கின் கை சரியில்லை என்கிறார். எது உண்மை?" என்று கேட்டிருக்கிறார்.

இரண்டும் இல்லை. அந்த 5.4 லிட்டர், சிலிண்டருக்கு மூன்று வால்வு கொண்ட டிரைட்டன் எஞ்சின், பிளக் உடைவதற்கென்றே உலகெங்கும் பெயர் வாங்கியது. காரணமும் நன்றாகத் தெரிந்த ஒன்றுதான். ஆனால் அந்தக் காரணத்துக்குள் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அதைச் சொல்ல ஒரு சாக்குக் கிடைத்ததே என்றுதான் இந்தக் கடிதத்தைக் கையில் எடுத்தேன்.

பிளக் என்ன செய்கிறது என்பது பள்ளிப் பாடம். வெளிக்கூடு எஃகு, உள்ளே வெள்ளைப் பீங்கான், அதன் நடுவே ஒரு கம்பி. பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் கம்பியின் நுனியிலிருந்து ஒரு சின்ன இடைவெளியைத் தாண்டும்போது பொறி வருகிறது, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை எரிகிறது. நமக்கு இங்கே வேண்டியது வெப்பநிலை மட்டும். பிளக்கின் நுனி சுமார் 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால், அதன்மேல் படியும் கரி தானாகவே எரிந்து போய்விடும். அதற்குக் கீழே இருந்தால் கரி அப்படியே தங்கும்.

சாதாரண பிளக்கில் மரை முடியும் இடத்தை ஒட்டியே நுனி இருக்கும். இந்த டிரைட்டன் பிளக்கில் மரைக்குக் கீழே ஏறக்குறைய ஓர் அங்குல நீளத்துக்கு ஒல்லியான எஃகுக் குழல் ஒன்று நீண்டிருக்கும். சிலிண்டர்களுக்கு மேல்மூடியாக இருக்கும் சிலிண்டர் ஹெட்டில் அதற்கென்று துளைத்த ஒரு பொந்துக்குள் அது உட்கார்ந்திருக்கும். குழலுக்கும் பொந்துக்கும் நடுவே மெல்லிய வளைய இடைவெளி. ஒவ்வொரு முறை கலவை எரியும்போதும் புகை அந்த இடுக்குக்குள் புகுகிறது. ஆனால் ஹெட் அலுமினியம், அதைச் சுற்றித் தண்ணீர் ஓடிக் குளிர்விக்கிறது. அதனால் இடுக்கில் படிந்த கரிக்கு எரிந்து போகும் அளவு சூடு கிடைப்பதே இல்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடியபின் இடுக்கு முழுக்கக் கரி கெட்டித்து, சிமெண்டுபோலக் குழலைப் பிடித்துக்கொள்கிறது. போதாததற்கு அந்தக் குழலும் மேல்கூடும் ஒரே துண்டாகக் கடைந்தவை அல்ல, தனித்தனியாகச் செய்து இணைத்தவை. மேலே முறுக்கினால், கீழே கரி விடாது. நடுவில் இருக்கும் இணைப்புதான் விட்டுப்போகும். கை எவ்வளவு நல்ல கையாக இருந்தாலும் இதுதான் நடக்கும்.

சரி, முறுக்குவதால் வராதது எதனால் வரும்? அதற்கு முதலில் ஹெட்டின் அலுமினிய மரைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கடையில் வாங்கிய புது அலுமினியத் தகடு கண்ணாடிபோல வழவழப்பாகத் தெரியும். நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். இரண்டு உலோகப் பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அவை முழுதும் தொடுவதில்லை. மேட்டின் நுனியும் மேட்டின் நுனியும் மட்டும்தான் தொடுகின்றன. மொத்த அழுத்தமும் அந்தச் சில நுனிகள்மேல் விழுகிறது. அலுமினியத்தின்மேல் எப்போதும் ஆக்சைடு தோல் ஒன்று உண்டு, சில நானோமீட்டர் தடிமன்தான். அந்தத் தோல்தான் உலோகத்தை உலோகத்திடமிருந்து பிரித்து வைக்கிறது. அழுத்தத்தோடு தேய்த்தால் தோல் கிழிகிறது. அடியில் இருக்கும் வெற்று உலோகம் எதிரில் இருக்கும் உலோகத்தைத் தொடுகிறது. தொட்ட இடத்தில், நெருப்பே இல்லாமல், இரண்டும் பற்றவைத்ததுபோல ஒட்டிக்கொள்கின்றன. மேலும் திருகினால் ஒட்டிய துணுக்கு பிய்ந்து வருகிறது. அது அடுத்த மேட்டில் போய் மாட்டி, இன்னும் பெரிய துணுக்கைப் பிய்க்கிறது. உருட்ட உருட்டப் பெரிதாகும் மாவு உருண்டைபோல அது வளர்கிறது. 'முதலில் கொஞ்சம் வந்தது, அப்புறம் ஒரேயடியாக இறுகிவிட்டது' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். கழற்றும் திசையிலேயே திருகியும் பிளக் இறுகுவதற்குக் காரணம் இந்த உருண்டைதான். அதையும் மீறி முறுக்கினால் பிளக்கோடு சேர்ந்து ஹெட்டின் மரையும் உருவிக்கொண்டு வரும்.

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. இறுகும்போது நிறுத்திவிட்டு, எதிர்த்திசையில், அதாவது மறுபடி மாட்டும் திசையில், கொஞ்சம் திருப்ப வேண்டும். பார்க்கிறவருக்கு வேலை பின்னோக்கிப் போகிறதுபோல இருக்கும். உள்ளே நடப்பது வேறு. முன்னால் குவிந்து நின்ற துணுக்குக்கு நெருக்கடி நீங்குகிறது. அது இப்போது உருண்டு, ஏற்கெனவே காலியான பக்கம் ஒதுங்குகிறது. கரியாக இருந்தால் இரண்டு பக்கமும் மாறி மாறி வரும் விசையில் நொறுங்கித் தூளாகிறது, ஏனென்றால் கரி அமுக்கத்தைத் தாங்குமே தவிர அசைத்து அசைத்து உடைப்பதைத் தாங்காது. விலகிய இடத்தில், மேலே ஊற்றி வைத்த திரவம் புகுகிறது. அடுத்த முறை கழற்றும் திசையில் திருப்பும்போது முன்பைவிட ஒரு நூலிழை கூடுதலாக வரும். மறுபடி திருப்பு, மறுபடி கழற்று.

இது புதிய தந்திரம் ஒன்றும் இல்லை. லேத் பட்டறையில் டேப் என்ற மரை வெட்டும் கருவியைத் துளைக்குள் திருகி மரை வெட்டுகிறவரைக் கவனியுங்கள். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. வெட்டிய சீவல் உடைந்து விழவேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கால் சுற்று. வேலிக்கம்பைச் சேற்றிலிருந்து பிடுங்குகிறவரும் நேராக மேலே இழுப்பதில்லை. ஆட்டி ஆட்டித்தான் எடுக்கிறார். ஒரு கிராமத்துப் பெரியவருக்கும் ஒரு கார் நிறுவனத்தின் பொறியாளருக்கும் ஒரே விடைதான் கிடைத்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

டிரைட்டனுக்கு ஃபோர்டு தன் பட்டறைகளுக்கு அனுப்பிய வழிமுறையின் சாரமும் இதுவே. எஞ்சின் முழுதாக ஆறட்டும். பிளக்கை எட்டில் ஒரு பங்கு முதல் கால் சுற்று வரை மட்டும் தளர்த்து. பிளக் குழிக்குள் கார்ப்யூரேட்டர் கிளீனரைக் கொஞ்சம், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, ஊற்று. குறைந்தது 15 நிமிடம் காத்திரு. அப்புறம் முன்னும் பின்னுமாகத் திருப்பி எடு. திருப்பும்போது 'கீச்' என்று சத்தம் வரும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

காத்திருக்கும் நேரத்தில் என்ன நடக்கிறது? அரிக்கேன் விளக்கின் திரியில் மண்ணெண்ணெய் மேலே ஏறுகிறதே, அதுதான். இடுக்கு எவ்வளவு குறுகலோ அவ்வளவு வலுவாகத் திரவத்தை உள்ளே இழுக்கும். இழுவிசை வலுதான், ஆனால் குறுகலான இடத்தில் ஓட்டம் மெதுவு. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒரு விதி கிடைக்கிறது: இரண்டு மடங்கு ஆழம் போக, நான்கு மடங்கு நேரம் ஆகும். அதனால்தான் பத்து நிமிடத்தில் பொறுமை இழந்து ஸ்பேனரை எடுப்பவருக்கும், ராத்திரி ஊற்றிவிட்டுக் காலையில் வருகிறவருக்கும் அவ்வளவு வித்தியாசம். திரவம் கெட்டியாக இருந்தாலும் நேரம் அதே விகிதத்தில் கூடும். எஞ்சின் ஆயில் மண்ணெண்ணெயைவிட ஐம்பது மடங்குக்கு மேல் கெட்டி, எனவே அது இந்த வேலைக்கு உதவாது. பலர் கையிலிருக்கும் டபிள்யூ.டி-40 ஸ்பிரே, 1953-ல் சான் டியாகோவில் ஈரத்தை விரட்டுவதற்காக உருவானது. நாற்பதாவது முயற்சியில் சரியாக வந்ததால் அந்த எண். இடுக்கில் புகும், கரியைக் கரைப்பதில் கிளீனர் அளவுக்கு வராது. என் பழைய காரில் ஒரு பிளக்கை இப்படி இரவெல்லாம் ஊறவிட்டுத்தான் எடுத்தேன். கடைசியில் வெளியே வந்தபோது மரை முழுக்கக் கருப்புக் குழம்பு அப்பியிருந்தது. முந்தைய நாள் அதை மீறி முறுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தக் குழம்பைப் பார்த்ததும் புரிந்தது.

"எஞ்சினைச் சூடாக்கிக் கழற்று, லேசாக வரும்" என்று ஒரு நம்பிக்கை பட்டறைகளில் உண்டு. அதைக் கணக்கால் பார்த்துவிடலாம். ஒரு மீட்டர் அலுமினியம் ஒரு டிகிரிக்கு 23 மைக்ரோமீட்டர் நீளும், எஃகு 12 தான் நீளும். 14 மி.மீ. மரை, 70 டிகிரி சூடு என்று வைத்தால், துளை பிளக்கைவிட 0.01 மி.மீ. அதிகம் விரியும். தலைமுடியின் தடிமனில் சின்னப் பங்கு. ஆக, நம்பிக்கையில் உண்மை இருக்கிறது. ஆனால் பிளக் ஹெட்டின்மேல் அழுந்தி உட்காரும் அமர்விடத்துக்கும் மரைக்கும் நடுவே இருக்கும் அலுமினியமும் அதேபோல நீளும், எஃகுக் கூட்டை இழுத்து அமர்விடத்தில் மேலும் அழுத்தும். சூடான அலுமினியம் கொஞ்சம் இளகும், சுலபமாகக் கிழிந்து ஒட்டும். 0.01 மி.மீ. லாபத்துக்காக ஹெட்டின் மரையைப் பணயம் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். ஆறிய எஞ்சினிலேயே கழற்றுங்கள்.

உராய்வு, தேய்மானம், எண்ணெயிடல் மூன்றையும் சேர்த்துப் படிக்கும் துறைக்கு டிரைபாலஜி என்று பெயர். 1966-ல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு ஓர் அறிக்கை கொடுத்தது. உராய்வைச் சரியாகப் புரிந்துகொண்டு செயல்பட்டாலே அந்த நாட்டுத் தொழில்கள் ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சப்படுத்தலாம் என்றது அது. அந்தப் பெயரே அப்போதுதான் பிறந்தது. பம்பு செட்டும் மோட்டாரும் உதிரி பாகங்களும் செய்து பிழைக்கும் கோயம்புத்தூர் இருக்கும் நாடு நம்முடையது. விண்கலத்துக்கும் அணு உலைக்கும் பணம் ஒதுக்குவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு திருகு ஏன் இறுகுகிறது என்று ஆராயும் மாணவருக்கும் ஒரு நல்ல நுண்ணோக்கியும் ஐந்து ஆண்டு உதவித்தொகையும் கிடைக்க வேண்டும். அந்த ஆராய்ச்சியின் பலன் நேராகப் பட்டறைக்கு வந்து சேரும்.

மறுபடி ஏழு பிளக்குகளுக்கு வருவோம். முதலில் குழிக்குள் காற்றடித்து மண்ணையும் தூசியையும் வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் பிளக் வந்ததும் அவை சிலிண்டருக்குள் விழும். சாக்கெட்டை நேராக வையுங்கள். சாய்த்து முறுக்கினால் உடைவது எஃகு அல்ல, பீங்கான். கிளீனர் எளிதில் தீப்பற்றும், பக்கத்தில் நெருப்போ பொறியோ கூடாது. ஒரு வேளை நிறைய ஊற்றிவிட்டால், இக்னிஷன் இணைப்புகளைக் கழற்றிவிட்டு, பிளக் இல்லாமலே எஞ்சினைச் சுற்றிவிட்டு அந்தத் திரவத்தை வெளியேற்றுங்கள். திரவத்தை அமுக்க முடியாது, உள்ளே தேங்கி நின்றால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். ஏற்கெனவே உடைந்த குழலை எடுக்கத் தனிக் கருவி விற்கிறார்கள். குழலுக்குள் மரை போட்டுப் பிடித்து இழுக்கும் வகை. மெக்கானிக்கிடம் அது இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வேலையைக் கொடுங்கள்.

புதுப் பிளக் மாட்டும்போது இன்னொரு குழப்பம் வரும். பூச்சுப் போட்ட மரையில் கிரீஸோ, மரை இறுகாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையோ தடவ வேண்டாம் என்கிறது பிளக் தயாரிக்கும் என்.ஜி.கே. நிறுவனம். மரை வழுக்கினால் அதே முறுக்குக்குப் பிளக் அதிகமாக இறுகிவிடும், கூடு நீண்டுவிடும் என்பது காரணம். டிரைட்டனில் மட்டும் விதிவிலக்கு. அங்கே நிக்கல் ஆன்டி-சீஸை நீண்ட குழலின் வெளிப்புறத்தில் மெல்லியதாகப் பூச வேண்டும், மரையில் அல்ல, நுனியிலும் படக்கூடாது. கரி பிடிக்கும் இடம் அதுதானே.

மற்ற வண்டிக்காரர்களுக்கு: வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் முறுக்கு விசை 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ.க்கு 15 முதல் 20, பல பைக்குகளில் வரும் 10 மி.மீ.க்கு 10 முதல் 12. முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், கையால் முழுதும் ஏற்றிய பின் புதுப் பிளக்குக்கு அரை முதல் மூன்றில் இரண்டு பங்கு சுற்றுக்குள் நிறுத்துங்கள். வாஷர் இல்லாத கூம்பு வகை பிளக்குக்கு பதினாறில் ஒரு பங்கு சுற்று போதும். கூம்பு ஓர் ஆப்புபோல வேலை செய்யும், கொஞ்சம் கூடினாலும் அடுத்த முறை வராது. கையால் ஏற்றுவதற்கு ஸ்பேனர் வேண்டாம். பிளக்கின் பீங்கான் தலையில் ஒரு சாண் பெட்ரோல் டியூபைச் சொருகி, அதைத் திருகி ஏற்றுங்கள். மரை கோணலாகப் பிடித்தால் டியூப் வழுக்கிச் சுற்றும், பிளக் நகராது.