லிண்டாவ்: ஏரிக்குள் போய்த் திரும்பிய ரயில்கள்

ஜெர்மனியின் தெற்கு ஓரத்தில் போடன்சே என்ற பெரிய ஏரி இருக்கிறது. அதன் கரையை ஒட்டிய சின்னத் தீவுதான் லிண்டாவின் பழைய ஊர். முனிச்சிலிருந்து சூரிச்சுக்குப் போகும் ரயில்கள் 2020 டிசம்பர் வரை இந்தத் தீவுக்குள் நுழைந்து, நின்று, இன்ஜினை மாற்றிக்கொண்டு, வந்த பக்கமே திரும்பிப் போயின. வரைபடத்தில் பார்த்தால் எரிச்சல்தான் வரும். கரையோரமாகவே ஆஸ்திரியாவின் பிரெகன்ஸுக்குப் போய்விடலாமே, தண்ணீருக்குள் எதற்காக இந்த வேலை?

பாதை போட்டவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் போட்டது சூரிச்சுக்கான பாதை அல்ல, கப்பல் துறைக்கான பாதை.

அப்போது ஜெர்மனி ஒரே நாடு அல்ல. லிண்டாவ் பவேரிய அரசின் துறைமுகம். பக்கத்து அரசான வூர்ட்டம்பெர்க், தன் துறைமுகமான ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபனுக்கு 1850க்குள் முழு ரயில் பாதையைக் கொண்டுவந்துவிட்டது. பவேரியா சும்மா இருக்குமா? ஹோஃப், நூரம்பெர்க், ஆக்ஸ்பூர்க், கெம்ப்டன் வழியாக வந்த தன் பாதையை லிண்டாவ் வரை நீட்டியது. வூர்ட்டம்பெர்க் மண்ணை மிதிக்கக் கூடாது என்பதால் அல்கோய் மலைப்பகுதியில் வளைந்து வளைந்து போகவேண்டி வந்தது. ரென்டர்ஸ்ஹோஃபன் என்ற இடத்தில் பள்ளத்தைத் தாண்ட 53 மீட்டர் உயரத்துக்கு மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பினார்கள். 1853இல் ரயில் ஏரிக்கரையைத் தொட்டது. அடுத்த வருடம் ஏரியின் குறுக்கே போட்ட அணைக்கரை வழியாகத் தீவுக்குள் போனது. 1856இல் புதுத் துறைமுகமும் முடிந்தது. அதன் வாசலில் ஒரு பக்கம் 33 மீட்டர் கலங்கரை விளக்கம், மறுபக்கம் 6 மீட்டர் கல் சிங்கம். சிங்கம் பவேரியாவின் சின்னம். எதிர்க்கரைக்காரர்களுக்குக் காட்டத்தான் வைத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

ரயிலடியும் படகுத்துறையும் அடுத்தடுத்து. இறங்கி நாலு எட்டு வைத்தால் கப்பல். இதற்கு முட்டுச்சந்து மாதிரியான முனைய நிலையம்தான் சரியான வடிவம். 1869 முதல் சரக்குப் பெட்டிகளையே கப்பலில் ஏற்றி சுவிட்சர்லாந்தின் ரோமன்ஸ்ஹார்னுக்கு அனுப்பினார்கள். கப்பல் தளத்திலேயே தண்டவாளம் இருந்தது. இந்தச் சேவை 1939 வரை நடந்தது.

ஆனால் 1872இல் பிரெகன்ஸ் பக்கமிருந்து ஒரு பாதை வந்தது, 1899இல் ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபன் பக்கமிருந்து இன்னொன்று. ரயில்கள் ஏரியைச் சுற்றிப் போக ஆரம்பித்ததும் முனையம் இடைஞ்சலாகிவிட்டது. தீவிலிருந்து அணைக்கரையைத் தாண்டியதும் தடம் இரண்டாகப் பிரிகிறது: இடப்பக்கம் ஆஷாஹ், வலப்பக்கம் ரொய்ட்டின். இரண்டும் கரையில் இருக்கும் லிண்டாவின் பகுதிகள். இவ்விரண்டையும் நேராக இணைக்கும் தடமும் உண்டு. மூன்றும் சேர்ந்தால் ஒரு முக்கோணம். சரக்கு ரயில் அந்த மூன்றாவது பக்கத்தில் தீவைத் தொடாமலே போய்விடலாம். பயணிகள் ரயிலுக்கு அந்த வசதி இல்லை, ஏனென்றால் ஊரின் முக்கிய நிலையம் தீவுக்குள் இருந்தது.

திரும்புவது என்றால் என்னென்ன வேலை தெரியுமா? முனிச்சிலிருந்து டீசல் இன்ஜின் ரயிலை இழுத்துவரும். அந்தப் பக்கம் அப்போது மேலே மின்கம்பி கிடையாது. பிளாட்பாரத்தில் நின்றதும் ஒருவர் தடத்தில் இறங்கி, பிரேக் காற்றுக்குழாயைக் கழற்றி, இன்ஜினையும் பெட்டியையும் இணைக்கும் திருகு கப்ளிங்கைத் தளர்த்தி, கொக்கியிலிருந்து எடுப்பார். மறுமுனையில் சுவிஸ் மின் இன்ஜின் வந்து சேரும். அங்கே எல்லாவற்றையும் திரும்ப மாட்டவேண்டும். அப்புறம் பிரேக் சோதனை. குழாயில் காற்றழுத்தம் குறைந்தால் பிரேக் பிடிக்கும், ஏறினால் விடும். புது இன்ஜினிலிருந்து கடைசிப் பெட்டிவரை இது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்காமல் கிளம்பக் கூடாது. இவ்வளவும் ஆகும்வரை பழைய இன்ஜின் முட்டுக்கட்டைக்கும் பெட்டிகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நிற்கும். இதற்குமேல், உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே வாய் வழியாகத்தான். ஒன்று தாமதமானால் இன்னொன்று காத்திருக்கவேண்டியதுதான்.

சமீப காலம்வரை இங்கே கைகாட்டி மரங்கள் இருந்தன. கேபினில் நெம்புகோலை இழுத்தால், தடத்தோரம் சின்னச் சின்ன உருளைகள்மேல் ஓடும் இரும்புக் கம்பி தூரத்துக் கைகாட்டியை அசைக்கும். வெயிலில் கம்பி நீளும், குளிரில் சுருங்கும். கைகாட்டி தவறான கோணத்தில் நிற்காமலிருக்க, கம்பியை எப்போதும் விறைப்பாக வைக்கும் எடைக்கட்டைகளைத் தொங்கவிடுவது வழக்கம். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். மின்சாரமே இல்லாமல் வெப்பநிலைக்குத் தானாக ஈடுகொடுக்கிறது பாருங்கள்.

தீவு நிலையத்தை மூடிவிடலாமா என்ற சண்டை ஊரில் பல வருடம் நடந்தது. 2012இல் வாக்கெடுப்பு வைத்தார்கள். இரண்டு நிலையங்கள் என்று முடிவானது. 2020 டிசம்பரில் ரொய்ட்டின் நிலையம் தொலைதூர ரயில்களுக்குத் திறந்தது, மின்கம்பியும் வந்தது. தீவு நிலையத்தின் லிண்டாவ் ஹவுப்ட்பான்ஹோஃப் (முக்கிய நிலையம்) என்ற பெயர் லிண்டாவ் இன்செல் (தீவு) ஆனது. இப்போது ஓடும் ரயிலுக்கு இரு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. ஜெர்மனியில் மின்கம்பியைத் தொடும் பட்டை 1950 மில்லிமீட்டர் அகலம், சுவிட்சர்லாந்தில் 1450. கூரைமேல் இரண்டு வகையும் இருப்பதால் எல்லையில் இன்ஜின் மாற்ற வேண்டியதில்லை. மின்மயமான பாதையோ கெம்ப்டன் வழி அல்ல. மெமிங்கன், லாய்ட்கிர்ஹ், வாங்கன் வழி. பவேரியா அன்று பிடிவாதமாகத் தவிர்த்த அதே வூர்ட்டம்பெர்க் மண்ணில்தான் முனிச்–சூரிச் ரயில் இன்றைக்கு ஓடுகிறது. தீவுக்குப் பிராந்திய ரயில்கள் மட்டும் போய்த் திரும்புகின்றன.