நாக்குப்பூச்சியின் தோலை அரிக்கும் பப்பாளிப் பால்

பப்பாளி விதையை அரைத்துத் தேனில் குழைத்துக் கொடுத்தால் குழந்தையின் வயிற்றுப்பூச்சி விழுமா என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். இனிப்புத் தின்பதால் பூச்சி வருவதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மண்ணிலிருந்து கைவழியாகவும் கழுவாத காய்கறி வழியாகவும் வாய்க்குள் போகும் முட்டைகளே நாக்குப்பூச்சிக்குக் காரணம். பப்பாளியும் 16ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து ஆசியாவுக்கு வந்த மரம்தான். நம் சித்த மருத்துவத்தின் பழைய பூச்சி மருந்து அதுவல்ல, வாய்விளங்கம் என்னும் மூலிகை.

விதையைவிட, காயைக் கீறினால் வடியும் பாலே எனக்குப் பெரிய வியப்பு. இறைச்சியையே செரிக்கும் குடலுக்குள் நாக்குப்பூச்சி மட்டும் செரிக்காமல் எப்படி வாழ்கிறது? நம் கணையம் சுரக்கும் டிரிப்சின் போன்ற நொதிகளின் வெட்டும் இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும் புரதங்களை அது தானே உற்பத்தி செய்கிறது. பப்பாளிப் பாலிலுள்ள பாப்பைனும் புரதத்தை வெட்டும் நொதியே. ஆனால் டிரிப்சின் செரின் என்னும் அமினோ அமிலத்தின் துணையால் வெட்ட, பாப்பைன் சிஸ்டீனின் துணையால் வெட்டுவதால், டிரிப்சினுக்கென்று அமைந்த அந்த அடைப்பு பாப்பைனிடம் பலிப்பதில்லை. கொலாஜன் என்னும் புரதத்தால் ஆன பூச்சியின் மேல்தோல் அரிபடத் தொடங்குகிறது. எலும்பில்லாத அந்த உடலை விறைப்பாக வைத்திருப்பது உள்ளிருக்கும் திரவத்தின் அழுத்தம். தோல் நைந்த இடத்தில் அதே அழுத்தம் கொப்புளமாகப் புடைத்து, பூச்சியை வெடிக்க வைக்கிறது.

1994இல் வெளியான ஆய்வொன்றில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 8 கிராம் வீதம் இந்தப் பாலைக் கொடுத்த பன்றிகளிடம் நாக்குப்பூச்சியின் நெருங்கிய இனம் முழுவதும் நீங்கியது. சில பன்றிகளுக்கு லேசாகப் பேதியும் ஆனது. அதே கணக்கில் 15 கிலோ குழந்தைக்கு 120 கிராம் வேண்டும். வாயைப் புண்ணாக்கும் பாலை எந்தத் தாய் அவ்வளவு புகட்டுவாள்?

விதை வேலை செய்யும் விதம் வேறு. அரைக்கும்போதுதான் அதிலுள்ள நொதியும் மூலப்பொருளும் கலந்து, கடுகின் காரத்துக்கு உறவான பென்சைல் ஐசோதயோசயனேட் உருவாகிறது. முழுதாக விழுங்கினால் அது பெரும்பாலும் உருவாகாது. 2007இல் வெளியான நைஜீரிய ஆய்வில், விதைத்தூளும் தேனும் பெற்ற 30 குழந்தைகளில் 23 பேருடைய மலத்தில் ஒரு வாரத்தில் ஒட்டுண்ணிகள் இல்லாமற்போயின. வெறும் தேன் பெற்ற 30 பேரில் 5 பேருக்கே அப்படி ஆனது. நம்பிக்கை தரும் முடிவு, ஆனால் 60 குழந்தைகள் போதாது. கொல்லையில் காய்ப்பதற்குக் காப்புரிமை கேட்க முடியாதென்பதால் நிறுவனங்கள் இதில் பணம் போடத் தயங்கும். அரசுதான் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. அளவும் பாதுகாப்பும் உறுதியாகும்வரை, பிப்ரவரியில் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் அல்பெண்டசோல் மாத்திரையையே அந்தக் குழந்தைக்குக் கொடுக்கச் சொல்வேன்.