லெகசி சிஸ்டம்: மரபா, முதுசொமா?

மருத்துவமனைகளுக்குச் செயலி எழுதுகிறவர்கள் நாளுக்கு நாலு தடவையாவது 'லெகசி' என்பார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டே. இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினி அமைப்புக்கு அந்தப் பெயர். சொல்லின் பிறப்பில் அந்தச் சுளிப்பு இல்லை. இலத்தீனில் 'லெகாரே' என்றால் ஆளை நியமித்து அனுப்புதல். உயிலில் எழுதிவைத்தல் என்றும் பொருள். ஆங்கிலத்தில் 'லெகசி' முதலில் போப்பாண்டவரின் தூதர் பதவியைக் குறித்தது. உயில்வழிச் சொத்து என்ற பொருள் பிறகு வந்தது. கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டது அந்தச் சொத்தைத்தான்: நாம் வாங்கவில்லை, வந்து சேர்ந்தது, இடிக்கவும் முடியாது.

மருத்துவத்தில் அப்படி வந்து சேர்ந்தவற்றுக்கு ஓர் உதாரணம்: 1960களின் பிற்பகுதியில் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பிறந்த நிரல்மொழி மம்ப்ஸ். (ஆங்கிலத்தில் பொன்னுக்குவீங்கிக்கும் இதே பெயர்!) அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையின் நோயாளிப் பதிவேடான விஸ்டா இதில் எழுதியதுதான்.

இன்னும் கிட்டப் போய்ப் பார்க்க, எச்.எல்.7 இரண்டாம் பதிப்பு: மருத்துவக் கணினிகள் தமக்குள் தகவல் அனுப்பிக்கொள்ளும் பழைய வடிவம். ஆய்வகக் கணினிகள் பல இன்றும் இதில்தான் பேசுகின்றன. குத்துக்கோடுகளால் துண்டான வரிகள். நோயாளி வரியில் 5ஆம் இடம் பெயர், 7ஆம் இடம் பிறந்த தேதி, 8ஆம் இடம் பாலினம். கைப்பேசிச் செயலி கேட்பதோ ஃபயர் (FHIR) என்ற புதிய தகவல் வடிவம். நடுவில் ஒரு நிரல் உட்கார்ந்து எண்ணி எண்ணி மாற்றிக் கொடுக்கிறது. பெயர் இடத்துக்குள்ளும் குடும்பப் பெயர் முதலில், இட்ட பெயர் அடுத்து. முன்னெழுத்தோடு திரியும் நம் பெயர்களை எதில் போடுவது என்பது தனித் தலைவலி.

சரி, லெகசியைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'பழைய அமைப்பு' என்றால் தூக்கிப் போட்டுவிடலாம் என்று தொனிக்கும். மென்பொருள் தமிழாக்கங்களில் 'மரபு' என்று போடுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. தொல்காப்பிய மரபியல் எதன் இளமையைக் குட்டி என்பது, எதைக் கன்று என்பது என வரையறுக்கிறது. மரபு என்றால் காக்கவேண்டிய வழக்கு. லெகசியை மீறத்தானே நமக்குச் சம்பளம்?

பொருத்தமான சொல் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது: முதுசொம். 1707இல் டச்சுக்காரர் தொகுப்பித்த தேசவழமையில் (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம்) இது 'முதுசம்', வழிவழி வந்த சொத்து. திருமணத்துக்குப் பின் ஈட்டியது 'தேடிய தேட்டம்'. பழைய ஆய்வகக் கணினி முதுசொம், அதன்மேல் நாம் கட்டும் செயலி தேட்டம்! ஆனால் சென்னை அலுவலகத்தில் 'முதுசொம்' என்றால் விழிப்பார்கள். அதனால் ஆவணங்களில் நான் 'வழிவந்த அமைப்பு' என்று எழுதுகிறேன்: "வழிவந்த ஆய்வகக் கணினியோடு செயலியை இணைக்கும் பணி, இரண்டாம் கட்டம்."